பொய்க் கிளிக்கும் பாட்களும்: ராமநாதபுரம் கடற்கரை வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமேஸ்வரம் விடுதிக்காரர், பாம்பன் கருவாட்டு வியாபாரி, கீழக்கரைத் துணிக்கடைக்காரர், தொண்டியில் படகு இன்ஜின் உதிரிபாகம் விற்பவர், முண்டு மிளகாயை நேரடியாக வெளியூருக்கு அனுப்பும் விவசாயி என்று பலருடைய கூகுள், மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரக் கணக்குகளை நான் பார்த்துக்கொடுக்கிறேன். தொழில்தான் வேறு. எல்லோரும் சொல்லும் குறை ஒன்று: "காசு போகுது, கிளிக் விழுது, ஆள் வரல." போனிலும் கடை வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பே சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. பாட், பாட்னு சொல்றீங்களே அண்ணே, அது ஆளா மெஷினா?

மென்பொருள். மனிதர் செய்வதுபோலவே இணையப் பக்கத்தைத் திறக்கும், கீழே நகர்த்தும், பட்டனை அமுக்கும், படிவத்தில் பெயரும் எழுதும். வாடகைக்கு எடுத்த சர்வரில் ஓடலாம். யாரோ ஒருவருடைய கணினியிலோ போனிலோ அவருக்கே தெரியாமலும் ஓடலாம்.

சில இடங்களில் வரிசையாகப் போன்களை அடுக்கிவைத்து, ஆட்களே கூலிக்குக் கிளிக் செய்வதும் உண்டு. ஆளோ மெஷினோ, உங்களிடம் அறை எடுக்கும் எண்ணமோ கருவாடு வாங்கும் எண்ணமோ இல்லாமல், ஏமாற்றுவதற்காகவே விழும் கிளிக்கைத்தான் இந்தப் பக்கத்தில் பொய்க் கிளிக் என்கிறேன்.

2. என் விளம்பரத்தைத் தட்டுறதுல எவனுக்கு என்ன லாபம்?

உங்கள் விளம்பரம் கூகுள் தேடல் பக்கத்தோடு நிற்பதில்லை. எண்ணற்ற செயலிகளிலும் வலைத்தளங்களிலும் தோன்றுகிறது. அங்கே ஒரு கிளிக் விழுந்தால், நீங்கள் கட்டும் காசில் ஒரு பங்கு அந்தச் செயலியின் உரிமையாளருக்குப் போகும். ஆள் வந்து கிளிக் செய்தாலும் பாட் செய்தாலும் அவருக்குப் பங்கு ஒன்றே. அதனால் சிலர் பாட்டை வைத்துத் தங்கள் செயலியிலேயே கிளிக் செய்துகொள்கிறார்கள்.

இது பெரிய தொழிலாகவே நடந்திருக்கிறது. 2016 டிசம்பரில் 'மெத்பாட்' என்ற கும்பல் வெளிச்சத்துக்கு வந்தது. 1,900-க்கும் மேற்பட்ட சர்வர்களையும் 6,50,000-க்கும் அதிகமான ஐபி முகவரிகளையும் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) வாடகைக்கு எடுத்து, அவை வீட்டுக் கணினிகள் போலத் தெரியும்படி பதிவு செய்திருந்தார்கள். அவர்களுடைய பாட் மவுஸை நகர்த்தும், வீடியோவைப் பாதியில் நிறுத்தும், ஃபேஸ்புக்கில் உள்நுழைந்திருப்பது போலவும் காட்டும். அதை நடத்திய அலெக்சாண்டர் ஜூகோவ் என்பவருக்கு 2021 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. 2018-இல் பிடிபட்ட 'ஈவ்' என்ற இன்னொரு கும்பல், உலகெங்கும் 17 லட்சம் கணினிகளில் வைரஸைப் புகுத்தி அவற்றின் வழியே கிளிக் செய்தது.

அவர்களுக்கு உங்கள் கடைமேல் எந்தக் கோபமும் இல்லை, உங்களைத் தெரியவும் தெரியாது. கடலில் வலை விரித்தால் சங்காயமும் (விலை போகாத கழிவு மீன்) சேர்ந்து ஏறுவதுபோல, விளம்பரத்தை அகலமாக விரிக்கும்போது இதுவும் ஏறுகிறது. எங்கே விரிக்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

3. அப்போ பாட்னாலே திருடன்தானா? மொத்தமா அடைச்சிரலாமா?

அடைக்கக் கூடாது. கூகுள் தேடலில் உங்கள் கடை வருவதற்கே கூகுள்பாட் வந்து பக்கத்தைப் படித்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் உங்கள் லிங்கை அனுப்பினால் படத்தோடு சின்னப் பெட்டி ஒன்று தெரிகிறதே, அதற்கும் ஒரு தானியங்கி நிரல்தான் பக்கத்தைத் திறந்து பார்க்கிறது. விளம்பரம் போய்ச்சேரும் பக்கம் வேலை செய்கிறதா என்று சோதிக்க கூகுளுக்கு 'ஆட்ஸ்பாட்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை அடைத்தால் "பக்கம் திறக்கவில்லை" என்று உங்கள் விளம்பரமே நிராகரிக்கப்படும். ஒரு விடுதிக்கு அப்படித்தான் நான்கு நாள் விளம்பரம் நின்றுபோனது. தடுப்பு விதியை அளவுக்கு மீறி இறுக்கியதுதான் காரணம்.

பொய்ப் பாட்கள் "நான்தான் கூகுள்பாட்" என்று பெயர் மாற்றிக்கொண்டும் வரும். சந்தேகம் இருந்தால் அந்த ஐபி முகவரி கூகுளுடைய டொமைனுக்கு உரியதா என்று உங்கள் சர்வரைப் பார்ப்பவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

4. பொய்க் கிளிக்கை கூகுளே கழிச்சிடுதாமே, நமக்கு என்ன கவலை?

கழிக்கிறது, உண்மைதான். கூகுள் ஆட்ஸில் 'இன்வேலிட் கிளிக்ஸ்' என்ற பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். அதில் இருக்கும் கிளிக்குகளுக்குப் பணம் பிடிப்பதில்லை. பின்னால் கண்டுபிடித்தவற்றுக்கு பில்லில் வரவு வைப்பதும் உண்டு. அந்தப் பத்தியில் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். அது ஏற்கெனவே பிடிபட்டவற்றின் கணக்கு.

பொய்ப் போக்குவரத்தை இத்துறையில் இரண்டு தரமாகப் பிரிக்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்த பாட்களின் பட்டியலில் உள்ளது, டேட்டா சென்டரிலிருந்து (சர்வர்கள் குவிந்திருக்கும் இடம்) வருவது போன்ற சாதாரண வகை எளிதாகச் சல்லடையில் நின்றுவிடும். மனிதரைப் போல நடிக்கும் நுட்பமான வகையில் ஒரு பகுதி தப்பிவிடும். இந்தப் பக்கம் முழுவதும் அப்படித் தப்பியதைப் பற்றித்தான்.

5. ராத்திரி மூணு மணிக்கு வரிசையா கிளிக் விழுது. பாட்தானே?

ராமேஸ்வரத்து விடுதி என்றால் நான் உடனே அப்படிச் சொல்ல மாட்டேன். அதிகாலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு எழுந்தவர், ரயிலில் வந்துகொண்டே அறை தேடுபவர், இரவெல்லாம் வேனில் வரும் குடும்பம் என எல்லோரும் அந்த நேரத்தில் போனைப் பார்ப்பார்கள். இந்த ஊரின் நேரக் கணக்கு வேறு.

அதே மூன்று மணிக்கு ராமநாதபுரத்தில் ஒரு பர்னிச்சர் கடைக்குக் கிளிக் குவிந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நேரத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் தொழிலுக்கு அந்த நேரம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

6. நம்ம ஊருக்குத்தான் விளம்பரம் போட்டேன். துபாய், லக்னோல இருந்தெல்லாம் கிளிக் வருது பாய், இது ஃபிராடா?

பெரும்பாலும் இது ஓர் அமைப்புத் தவறு. கூகுள் ஆட்ஸில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்வது இயல்பாகவே இருக்கும் தேர்வு. லக்னோவில் இருந்துகொண்டு "ராமேஸ்வரம்" என்று தேடுபவருக்கும் விளம்பரம் போகும். விடுதிக்கு இது நல்லதுதான், அவர்தானே யாத்ரீகர். தொண்டியில் இன்ஜின் உதிரிபாகம் விற்பவருக்கோ ராமநாதபுரத்தில் பல் மருத்துவமனை நடத்துபவருக்கோ இது வீண்செலவு. அவர்கள் அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும் 'பிரசென்ஸ்' என்ற தேர்வை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

துபாய், ரியாத் கிளிக்கையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடாதீர்கள். கீழக்கரையில் பாதிக் கல்யாணத் துணியை வளைகுடாவில் இருப்பவர்தான் போனில் பார்த்துத் தேர்ந்தெடுத்து, வீட்டில் சொல்லி எடுக்கச் சொல்கிறார். அமெரிக்காவின் ஆஷ்பர்ன், போர்ட்மன் போன்ற ஊர்ப் பெயர்கள், தளத்துக்கு யார் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸில் குவிந்தால் அது வேறு விஷயம். அவை பெரிய டேட்டா சென்டர்கள் இருக்கும் ஊர்கள். அங்கிருந்து யாரும் பாம்பன் கருவாடு தேடப்போவதில்லை.

7. நேரத்தை நம்பாதேங்கிறீங்க, ஊரை நம்பாதேங்கிறீங்க. அப்போ எதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறது?

கடைசியிலிருந்து முன்னால் வாருங்கள். கிளிக் எண்ணிக்கையை முதலில் பார்க்காமல், உங்கள் கடை நோட்டைப் பாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். யார் கூப்பிட்டாலும், யார் வந்தாலும் "எங்கே பார்த்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்: தேதி, விளம்பரமா, தெரிந்தவர் சொன்னாரா, வாங்கினாரா இல்லையா. எந்த மென்பொருளும் உங்களுக்குத் தர முடியாத தகவல் இது. நான் ஒரு கணக்கைக் கையில் எடுத்தால் முதலில் இந்த நோட்டைத்தான் கேட்பேன். இல்லாதவர்களை இரண்டு வாரம் எழுதிவிட்டு வரச் சொல்வேன்.

நோட்டு இருந்தால் பிறகு ஒப்பிடலாம். எந்த விளம்பரத்துக்குக் கிளிக் அதிகம், ஆனால் நோட்டில் ஒருவர்கூட இல்லை? அதைத் தனியாக எடுத்துத் தோண்டுங்கள். கூகுள் அனலிட்டிக்ஸில் 'என்கேஜ்டு செஷன்' என்று ஒரு கணக்கு உண்டு. 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்த செயலைச் செய்தாலோ அந்த வருகையை அதில் சேர்க்கும். ஒரு விளம்பரத்திலிருந்து வந்தவர்களில் அநேகமாக ஒருவருமே இதில் சேரவில்லை என்றால் அது வலுவான அறிகுறி. எல்லோரும் ஒரே திரை அளவு, ஒரே பழைய பிரவுசர், ஒரே அளவு வினாடி இருந்துவிட்டுப் போகிறார்கள் என்றால் இன்னும் வலு கூடும். மனிதர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

ஒற்றை அறிகுறியை வைத்து யாரையும் பாட் என்று சொல்ல மாட்டேன். குறைந்தது மூன்று அறிகுறி சேர்ந்து நின்றால்தான் கை வைப்பேன்.

8. கூகுள்ல நூறு கிளிக்னு காட்டுது, என் சைட்டுல அறுபது பேர்தான் வந்திருக்காங்க. மீதி நாற்பதும் பாட்தானே?

அவசரப்பட வேண்டாம். கிளிக் செய்ததும் கணக்கு ஏறிவிடும். பக்கம் திறந்து அனலிட்டிக்ஸ் நிரல் ஓடினால்தான் வருகை ஏறும். இரண்டுக்கும் இடையே உண்மையான ஆட்களே நிறையப் பேர் விழுந்துவிடுகிறார்கள். தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, உங்கள் பக்கத்தில் அறைப் படங்கள் ஒவ்வொன்றும் ஐந்து எம்பி. எவ்வளவு நேரம் காத்திருப்பார்? மெட்டாவில் இதனால்தான் 'லிங்க் கிளிக்' என்று ஒன்றும் 'லேண்டிங் பேஜ் வியூ' என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் தளம் இருக்கும் ஹோஸ்டிங்கில், யார் எந்தக் கோப்பைக் கேட்டார் என்று பதியும் சர்வர் பதிவேடு இருக்கும். கூகுள் விளம்பரக் கிளிக்கின் பக்க முகவரியில் பெரும்பாலும் 'ஜிகிளிட்' என்று தனி அடையாளம் ஒட்டியிருக்கும். அந்த நாற்பதும் சர்வர் வரை வந்து, முதல் பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுப் படம், எழுத்துரு எதையும் கேட்கவில்லை என்றால் பாட்டுக்கு வாய்ப்பு அதிகம். படங்கள் பாதியில் அறுந்திருந்தால் அது பொறுமை இழந்த மனிதர். முதலில் படங்களைச் சுருக்குங்கள், பிறகு எண்ணுங்கள்.

9. என் கருவாட்டு விளம்பரம் குழந்தைங்க விளையாடுற கேம்ல வருதுன்னு தங்கச்சி பையன் சொன்னான். அது எப்படி?

இதுதான் நம் பக்கத்தில் காசு ஒழுகும் பெரிய ஓட்டை. தேடல் விளம்பரம் போடும்போதே 'சர்ச் பார்ட்னர்ஸ்', 'டிஸ்ப்ளே நெட்வொர்க்' என்று, விளம்பரத்தை வெளித் தளங்களுக்கும் செயலிகளுக்கும் கொண்டுபோகும் இரண்டு கட்டங்கள் டிக் ஆகியிருக்கும். மெட்டாவில் இடங்களைத் தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் 'ஆடியன்ஸ் நெட்வொர்க்' என்ற வெளிச் செயலிகளும் சேர்ந்துவிடும். கேமில் மூடும் குறிக்குப் பக்கத்திலேயே விளம்பரம் நிற்கும், பிள்ளையின் விரல் படும், உங்கள் காசு போகும். 2-ஆவது கேள்வியில் சொன்ன ஆட்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.

கூகுள் ஆட்ஸில் விளம்பரம் எங்கெங்கே தோன்றியது என்ற அறிக்கையைத் திறந்து, செலவு அதிகமான இடத்திலிருந்து கீழே பாருங்கள். பெயர் தெரியாத கேம், டார்ச் லைட், வால்பேப்பர் செயலிகளைக் கண்டால் நீக்குங்கள். ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட, செயலி வகைகளையே மொத்தமாக விலக்குவது மேல். சிறிய கடைக்கு டிஸ்ப்ளேயும் வேண்டாம், ஆடியன்ஸ் நெட்வொர்க்கும் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. இந்த மாற்றங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, செலவும் இல்லை. கீழே வரும் எந்தத் தடுப்பையும்விட இதில்தான் பலன் அதிகம்.

10. ஐபி நம்பரை பிளாக் பண்ணிட்டா முடிஞ்சுது இல்லையா?

இல்லை. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் மொபைல் டேட்டாவில்தான் வருகிறார்கள். மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. நீங்கள் தடுத்த முகவரிக்குப் பின்னால் உங்களிடம் அறை எடுக்க இருந்தவரும் இருக்கலாம். பாட்டோ நாளைக்கு வேறு முகவரியில் வரும். மேலும் கூகுள் ஆட்ஸில் ஒரு விளம்பரப் பிரச்சாரத்துக்கு 500 முகவரிகளைத்தான் விலக்க முடியும். மெட்டாவில் ஐபியை விலக்கும் வசதியே இல்லை.

பயன்படும் இடமும் உண்டு. உங்கள் கடை பிராட்பேண்டு முகவரி நிலையானதாக இருந்தால் அதை விலக்குங்கள். வேலையாட்கள் தெரியாமல் நம் விளம்பரத்தையே தட்டுவது நிற்கும். டேட்டா சென்டர் முகவரி என்று உறுதியாகத் தெரிந்தால் அதையும் விலக்கலாம். மொபைல் நெட்வொர்க் முகவரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

11. சைட்டுக்கு கிளவுட்ஃபிளேர் போட்டாச்சு. இன்னும் காசு போய்க்கிட்டுத்தானே இருக்கு?

போகத்தான் செய்யும். கிளவுட்ஃபிளேர் போல உங்கள் தளத்தின் முன்னால் போடும் தடுப்புச் சேவை, கிளிக் விழுந்த பிறகு நிற்கும் காவல். வாசலில் ஆளைத் திருப்பி அனுப்பலாம், ஆனால் ஆட்டோக் கூலியை நீங்கள் முன்பே கொடுத்துவிட்டீர்கள். கிளிக் காசை மிச்சப்படுத்த விளம்பரக் கணக்குக்குள்தான் வேலை செய்ய வேண்டும். 6-ஆவதும் 9-ஆவதும் அதற்குத்தான்.

அதற்காக கிளவுட்ஃபிளேரை எடுத்துவிட வேண்டாம். பொய்ப் படிவம் நிரம்புவதையும் சர்வர் திணறுவதையும் அது தடுக்கும். இலவசத் திட்டமே சிறிய தளத்துக்குப் போதும்.

12. எதிர்க்கடைக்காரர்தான் உட்கார்ந்து தட்டுறார்னு எனக்கு நல்லாத் தெரியும். என்ன பண்ணலாம்?

நீங்கள் நினைப்பது நடந்திருக்கலாம். ஆனால் என்னிடம் இப்படிச் சொன்ன கணக்குகளைத் திறந்து பார்த்தபோது பெரும்பாலும் 9-ஆவது கேள்வியின் கேம் செயலிதான் குற்றவாளி. ஒரே ஆள் ஒரே போனில் திரும்பத் திரும்பத் தட்டுவதை கூகுள் எளிதில் கண்டுகொண்டு கழித்துவிடும். தயவுசெய்து இதை வைத்துத் தெருவில் சண்டைக்குப் போகாதீர்கள். பதிலுக்கு நீங்களும் அவர் விளம்பரத்தைத் தட்டாதீர்கள், அது மோசடி.

உங்கள் விளம்பரம் வருகிறதா என்று பார்க்க கூகுள் ஆட்ஸிலேயே முன்னோட்டக் கருவி இருக்கிறது. தேடிப் பார்க்கிறேன் என்று நீங்களே தட்டிப் பார்க்க வேண்டாம்.

13. ஃபாரத்துல பேரு, நம்பர் எல்லாம் வருது. கூப்பிட்டா ஒண்ணு ஸ்விட்ச் ஆஃப், இல்லைன்னா "நான் எதுவும் கேக்கலையே"ங்கிறாங்க. ஏன்?

கிளிக்கைவிட இது பல மடங்கு கெடுதல். காரணத்தை ஒரு அனுபவத்தோடு சொல்கிறேன். பாம்பனில் கருவாடு விற்கும் ஓர் அக்கா, ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் முன் கையிருப்பை விற்றுவிட வேண்டும் என்று விளம்பரம் போட்டார். 61 நாள் விசைப்படகு போகாது, வீட்டில் வருமானம் குறையும், அந்தப் பணம் அவருக்கு முக்கியம். படிவம் நிரப்பினால் வெற்றி என்று விளம்பரத் தளத்துக்குச் சொல்லிவைத்திருந்தோம். முதல் வாரம் படிவம் கொஞ்சம்தான், ஆனால் வந்தவர்கள் வாங்கினார்கள். இரண்டாம் வாரம் படிவம் குவிந்தது. அக்காவுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். மூன்றாம் வாரம் விற்பனை அடியோடு நின்றது.

நடந்தது இதுதான். இப்போதைய விளம்பரத் தளங்கள் தானாகக் கற்றுக்கொள்கின்றன. யார் படிவம் நிரப்பினாரோ அவரைப் போன்றவரையே மேலும் தேடும். பாட் சலிக்காமல் படிவம் நிரப்பும். தளம் "இவர்தான் உங்கள் வாடிக்கையாளர்" என்று கற்றுக்கொண்டு, காசையெல்லாம் பாட் இருக்கும் பக்கமே திருப்பிவிட்டது. போன காசு ஒருபுறம் இருக்கட்டும், உண்மையான வாடிக்கையாளரை அது தேடுவதையே நிறுத்திவிட்டது. அந்த இரண்டு வாரத்தை நான் நோட்டோடு ஒப்பிடாமல் விட்டது என் தவறு. அதன் பிறகுதான் 7-ஆவது பதிலில் சொன்ன நோட்டை எல்லோரிடமும் கட்டாயமாகக் கேட்க ஆரம்பித்தேன்.

செய்ய வேண்டியது: படிவத்தை வெற்றியாகக் கணக்கிடாதீர்கள். பணம் கட்டியதை, அல்லது நீங்கள் பேசி உறுதி செய்ததை மட்டும் வெற்றியாகத் தளத்துக்குத் திருப்பி ஏற்றுங்கள். போன் அழைப்பைக் கணக்கிட்டால் 60 வினாடிக்கு மேல் பேசியதை மட்டும் எண்ணுங்கள். மெட்டா படிவம் என்றால், அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் 'ஹையர் இன்டென்ட்' வகையைத் தேர்ந்தெடுங்கள். எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

14. கேப்சா போட்டா வயசான யாத்ரீகருங்க ஓடிப்போயிருவாங்களே?

படத்தில் பஸ்ஸைத் தேடச் சொல்லும் கேப்சாவை நானும் போட மாட்டேன். கிளவுட்ஃபிளேரின் 'டர்ன்ஸ்டைல்' போன்ற சோதனைகள் பெரும்பாலும் எதையும் கேட்காமலே பின்னணியில் சோதிக்கும். அது போதும்.

அதோடு ஒரு தூண்டில் பெட்டி வையுங்கள். படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம். மனிதர் அதை நிரப்ப மாட்டார், எல்லாக் கட்டத்தையும் நிரப்பும் பாட் மாட்டிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: அந்தக் கட்டத்துக்கு 'இமெயில்', 'முகவரி' என்று பெயர் வைத்தால், சிலருடைய போன் தானாகவே நிரப்பிவிடும், நல்ல வாடிக்கையாளர் அடைபடுவார். தொடர்பில்லாத பெயராக வையுங்கள். பக்கம் திறந்த இரண்டு மூன்று வினாடிக்குள் வந்து விழும் படிவத்தையும் ஒதுக்கிவைக்கலாம். அவ்வளவு வேகமாக யாரும் பெயரும் நம்பரும் எழுத முடியாது. ஒதுக்கியதை அழித்துவிடாமல் வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

15. வாட்ஸ்அப்புக்கு நேரா வர்ற மாதிரி போட்டா பாட் வராதுதானே?

குறையும், முழுக்க நிற்காது. "ஹாய்" என்று மட்டும் வந்து அப்புறம் பேச்சே இல்லாத செய்திகள் பல. அவற்றில் பாதி கை தவறிப் பட்ட மனிதர்கள். "எந்தத் தேதிக்கு அறை வேண்டும், எத்தனை பேர்?" என்று தானாகப் போகும் முதல் கேள்வி ஒன்று வைத்து, அதற்குப் பதில் சொன்னவரை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள்.

16. போன காசு திரும்ப வருமா?

கூகுளிடம் கிளிக் தரத்தை ஆய்வு செய்யக் கேட்கும் படிவம் இருக்கிறது. கடந்த இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கிளிக்குகளைத்தான் ஆராய்வார்கள், தள்ளிப்போடாதீர்கள். "நிறைய பாட் வருது" என்று எழுதினால் பயனில்லை. எந்தப் பிரச்சாரம், எந்தத் தேதிகள், 8-இல் சொன்ன சர்வர் பதிவேட்டிலிருந்து ஐபி, நேரம், ஜிகிளிட் ஆகியவற்றை வரிசைப்படுத்திக் கொடுங்கள். மெட்டாவில் ஆதரவுப் பிரிவுக்கு இதே ஆதாரத்தோடு எழுதலாம். வந்தால் நல்லது, ஆனால் அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

"கூகுள்ல இருந்து பேசுறோம், உங்க கிளிக் காசைத் திருப்பித் தர்றோம்" என்று யாராவது கூப்பிட்டு ஓடிபி கேட்டாலோ, திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொன்னாலோ உடனே வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள்.

17. மாசம் காசு கட்டினா பாட்டைத் தடுக்கிற சாஃப்ட்வேர் விக்கிறாங்களே, வாங்கலாமா?

பெரும்பாலான மென்பொருள்கள் உங்கள் தளத்தில் ஒரு நிரலை வைத்து, சந்தேகமான வருகையைக் கண்டால் அதன் ஐபியை விளம்பரக் கணக்கில் தானாக விலக்கும். 10-இல் சொன்ன சிக்கல் அப்படியே அதற்கும் பொருந்தும். மாதம் லட்சங்களில் செலவழிக்கும் நிறுவனத்துக்கு அது உதவலாம். மாதம் பத்தாயிரம் போடும் விடுதிக்கு, அந்தச் சந்தாவை விளம்பரத்திலேயே போடுங்கள் என்றுதான் சொல்வேன். "100 சதவீதம் தடுப்போம்" என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

18. நான் ராமேஸ்வரம் பத்தி பிளாக் எழுதுறேன், ஆட்சென்ஸ் (தளத்தில் கூகுள் விளம்பரம் காட்டிக் காசு வாங்குற வசதி) இருக்கு. ஆயிரக்கணக்குல விசிட்டர் அனுப்புறேன்னு ஒருத்தர் சொல்றார். வாங்கலாமா தம்பி?

வேண்டாம் அண்ணே. அவர் விற்பது இந்தப் பக்கம் முழுக்க நாம் பேசும் பாட்டைத்தான். அது உங்கள் பக்கத்து விளம்பரங்களைத் தட்டும், செல்லாத போக்குவரத்து என்று கூகுள் உங்கள் கணக்கை நிறுத்தும், சேர்த்த வருமானமும் போகும். மறுமுனையில் நம் ஊர்க் கடைக்காரர் ஒருவருடைய காசும் போயிருக்கும். வீட்டாரைத் தட்டச் சொல்வதும் இதே குற்றம்.

நீங்கள் கேட்காமலே யாரோ உங்கள் தளத்துக்குப் பாட்டை ஏவினால், அசாதாரண ஏற்றத்தைப் பார்த்ததும் கூகுளுக்கு நீங்களே தெரிவித்துவிடுங்கள், கொஞ்ச நாள் விளம்பரத்தை எடுத்து வையுங்கள். உங்கள் தளத்தில் 'ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட்' கோப்பும் சரியாக இருக்க வேண்டும். உங்கள் இடத்தை யார் விற்கலாம் என்று அறிவிக்கும் பட்டியல் அது. மற்றவர் தளத்தின் பெயரைப் போலியாகச் சொல்லி விற்பதைத் தடுக்க 2017-இல் கொண்டுவந்தார்கள்.

19. என் போனே பாட்டா இருக்க வாய்ப்பு இருக்கா?

இருக்கிறது. விலை குறைந்த, கூகுளின் சான்றில்லாத ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்களில் மோசடி நிரல் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வந்ததுண்டு. 'பேட்பாக்ஸ் 2.0' என்று பெயரிட்ட இந்த வலையில் ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் சிக்கியிருப்பதாகக் கூறி 2025 ஜூலையில் கூகுள் வழக்குத் தொடர்ந்தது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெட்டி பின்னால் விளம்பரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இதனால்தான் பாட் வரும் ஐபி சாதாரண வீட்டு முகவரியாகத் தெரிகிறது, 10-ஆவது பதில் இன்னும் சிக்கலாகிறது. ஊருக்கு வரும்போது வாங்கிவரும் பெட்டியில் 'பிளே புரொடெக்ட்' சான்று இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோர் வழியாக வராத செயலி) நிறுவாதீர்கள்.

20. ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் கிளிக் மூணு மடங்கு ஏறுச்சு. கூட்டமா, பாட்டா? எப்படிப் பிரிக்கிறது?

என்னிடம் வந்ததில் கடினமான கேள்வி இதுதான். தை, ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் கூட்டம் அலைமோதும், அதற்கு முந்தைய நாட்களில் தேடல் ஏறுவது இயற்கை. அந்த ஏற்றத்துக்குள் பாட் ஒளிந்தால் சராசரியை வைத்துப் பிடிக்க முடியாது. நான் முதலில் மக்கள் தேடிய சொற்களைப் பார்ப்பேன். "அமாவாசை", "கோயில் பக்கம் ரூம்" போன்ற தேடல்களால் ஏறியிருந்தால் அது கூட்டம். ஏற்றம் முழுக்கத் தேடல் சொல்லே இல்லாத வெளிச் செயலிகளிலிருந்து வந்திருந்தால் 9-க்குப் போங்கள்.

அடுத்து, அழைப்புகளின் எண்ணிக்கை. அந்த வாரம் முன்பதிவை வைத்து ஒப்பிடக் கூடாது, அறை நிரம்பிவிட்டால் முன்பதிவு ஏறாது, கிளிக் எல்லாம் பொய் என்று தோன்றும். எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். "ரூம் இல்லை" என்று சொல்லி வைத்த அழைப்பையும் நோட்டில் எழுதுங்கள். கிளிக் மூன்று மடங்கு, அழைப்பும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியிருந்தால் எதையும் தொடாதீர்கள். அழைப்பு அசையவே இல்லை என்றால் டிஸ்ப்ளேயை மட்டும் மூடி ஒரு நாள் பாருங்கள். பண்டிகை வாரத்தில் ஒரே நேரத்தில் நான்கு மாற்றம் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. அறை நிரம்பியதும் விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் கிளிக் உண்மையானதாகவே இருந்தாலும் உங்களுக்குச் செலவு, தேடி வந்த யாத்ரீகருக்கு அலைச்சல்.